ஒற்றை உணவுமுறை

ஒற்றை உணவுமுறை என்பது ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரே ஓர் உணவுப்பொருளை மட்டும், அல்லது ஒரே வகையைச் சேர்ந்த சில பொருட்களை மட்டும் உண்டு வாழ்வதாகும். உருளைக்கிழங்கு, வாழைப்பழம், அரிசி, பால், தேங்காய், இறைச்சி ஆகியவை இவ்வாறு தனித்து உண்ணப்பட்டுள்ளன. எடையைக் குறைப்பதற்காகவும், நோய் தீர்ப்பதற்காகவும், கொள்கைக்காகவும், வெறும் ஆர்வத்தினாலும் பலர் இதனைத் தம்மீதே செய்து பார்த்துள்ளனர்.

மனிதருக்கு வேண்டிய எல்லாச் சத்துகளையும் வேண்டிய அளவில் தரும் தனி உணவு எதுவும் இல்லை. தாய்ப்பாலுங்கூட முதல் ஆறு மாதங்களுக்கே போதுமானது; அதிலும் உயிர்ச்சத்து டி குறைவு. எனினும் ஒரே உணவை உண்டு பல வாரங்கள் நலமாக இருந்ததாகக் கூறுவோர் பலர் உள்ளனர். அவர்கள் பொய் கூறுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. உடலின் கையிருப்பு தீரும் வரை குறை வெளியே தெரிவதில்லை என்பதே இதற்குக் காரணமாகும்.

பெயரும் எல்லையும்

சொல்லுக்குச் சொல் ஒரே உணவை மட்டும் உண்டவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான பதிவுகளை உற்றுநோக்கினால், முதன்மை உணவுடன் உப்பு, எண்ணெய், பால், தேநீர் போன்ற ஏதேனும் ஒன்று சேர்ந்திருப்பது தெரியவரும். இந்தச் சிறு சேர்க்கை பல வேளைகளில் முடிவையே மாற்றிவிடக்கூடியது என்பதால், ஒரு பதிவைப் படிக்கும்போது உண்ட பொருளின் பெயரை விட, அத்துடன் சேர்ந்தது என்ன என்பதைக் கவனிப்பது பயன் தரும்.

நோன்புகளிலும் பத்தியத்திலும் உணவைச் சுருக்கிக்கொள்ளும் வழக்கம் தமிழரிடையே பழமையானது. கஞ்சி மட்டும், பால் மட்டும், பழம் மட்டும் என்று ஒரு நாளோ சில நாட்களோ இருப்பது இயல்பு. இவை கால அளவில் மிகச் சிறியவை. எனவே இக்கட்டுரையில் கூறப்படும் நீண்ட சோதனைகளுடன் அவற்றை ஒப்பிட இயலாது.

பழனி மலைப் பயிர்களைக் கொண்டு ஒரு கணக்கு

ஓர் உணவு தனித்து நின்று உடலைத் தாங்குமா என்பதை அறிய எளிய வழி, ஒரு நாளைக்கு வேண்டிய ஆற்றல் முழுவதையும் அதிலிருந்தே பெறுவதாக வைத்துக்கொண்டு மற்றச் சத்துகளைக் கணக்கிடுவதாகும். பேத்துப்பாறை இதற்குப் பொருத்தமான இடம். திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டம் வில்பட்டி ஊராட்சியைச் சேர்ந்த இவ்வூர், கொடைக்கானல் நகரைவிடத் தாழ்ந்த சரிவில் அமைந்துள்ளது. வாழையும் காப்பியும் விளையும் கீழ்ச்சரிவுகளும், உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் மேல்மலையும் இதற்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. நியாயவிலைக் கடை அரிசியும் உண்டு. இம்மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி பெற முயலும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒப்பீட்டுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதமும், 1000 மில்லிகிராம் சுண்ணச்சத்தும் தேவை.

உருளைக்கிழங்கு எனில் ஏறத்தாழ 2.6 கிலோ உண்ண வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் புரதம் சுமார் 50 கிராம். தேவைக்கு மிக அருகில் உள்ளது. கிழங்கு என்றால் வெறும் மாவு என்னும் பொதுக்கருத்துக்கு இது மாறானது. உயிர்ச்சத்து சி தேவையைவிடப் பன்மடங்கு கிடைக்கும். ஆனால் சுண்ணச்சத்து தேவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. கொழுப்பு இரண்டு மூன்று கிராம் மட்டுமே. உயிர்ச்சத்து ஏ ஏறக்குறைய இல்லை. பி12 அறவே இல்லை.

வாழைப்பழம் எனில் உரித்த எடையில் 2.2 கிலோ ஆகும். புரதம் 25 கிராம் அளவே கிடைக்கும். இது தேவையில் பாதிக்கும் குறைவு. சுண்ணச்சத்து பத்தில் ஒரு பங்கு அளவுதான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்பெற்ற விருப்பாச்சி மலைவாழை புவிசார் குறியீடு பெற்ற அருமையான பழம். அதன் சுவையும் மணமும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

தீட்டிய அரிசி எனில் சமைக்காத எடையில் சுமார் 560 கிராம் போதும். மூன்றினுள் இதுவே உண்பதற்கு எளிது. புரதம் ஏறத்தாழ 40 கிராம் கிடைக்கும். ஆனால் உயிர்ச்சத்து ஏ, சி, பி12 ஆகிய மூன்றுமே இல்லை. சுண்ணச்சத்து மிக அற்பம். தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது அரிசி புழுங்கலா பச்சையா, எவ்வளவு தீட்டப்பட்டது, எத்தனை முறை கழுவப்பட்டது, கஞ்சி வடிக்கப்பட்டதா என்பவற்றைப் பொறுத்தது.

பாலையும் சேர்த்துப் பார்க்கலாம். மூன்று லிட்டர் பசும்பால் 2000 கிலோகலோரி தரும். புரதமும் சுண்ணச்சத்தும் பி12 உம் தாராளமாகக் கிடைக்கும். இரும்புச்சத்து மிகக் குறைவு. காய்ச்சிய பாலில் உயிர்ச்சத்து சி பெரும்பகுதி எஞ்சாது. அரிசியில் இல்லாதவற்றுள் பல பாலில் உள்ளன. பாலில் இல்லாதது கிழங்கில் உள்ளது. கிழங்கும் மோரும் என்ற எளிய இணைப்பு நெடுங்காலம் மக்களைத் தாங்கியதற்கு இதுவே காரணம்.

இந்த மலைகளின் பழங்குடியினரான பளியர், பலவகைக் காட்டு வள்ளிக்கிழங்குகள், தேன், பழங்கள், கீரைகள், சிறு விலங்குகள் எனப் பருவத்துக்கேற்ப மாறும் உணவைக் கொண்டிருந்தனர். ஒரே பொருளை நம்பிய வாழ்க்கை அவர்களுடையது அன்று.

கையிருப்பும் கால அளவும்

ஒவ்வொரு சத்தும் உடலில் வெவ்வேறு அளவில் சேமிக்கப்பட்டுள்ளது. தயமின் இரண்டு மூன்று வாரங்களுக்கே வரும். உயிர்ச்சத்து சி ஓரிரு மாதங்களுக்கு மேல் நிற்கும். உயிர்ச்சத்து ஏ நல்ல ஊட்டமுள்ளவரின் கல்லீரலில் பல மாதங்களுக்கு இருக்கும். பி12 ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். சுண்ணச்சத்துக்கு எலும்பே கிடங்காக இருப்பதால், இரத்தத்தில் அதன் அளவு குறையாமலே எலும்பு தேயக்கூடும். ஆகவே "முப்பது நாள் இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்னும் கூற்று அவ்வுணவின் முழுமையைக் காட்டுவதில்லை. அவர் தொடங்கும்போது எவ்வளவு கையிருப்பு வைத்திருந்தார் என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது.

இதனைத் தெளிவாக நிறுவியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஜான் கிராண்டன் என்னும் இளம் அறுவை மருத்துவர். 1939 இல் தொடங்கி ஆறு மாதங்களுக்கு உயிர்ச்சத்து சி இல்லாத உணவை மட்டும் அவர் உண்டார். மற்ற உயிர்ச்சத்துகளைத் தனியே சேர்த்துக்கொண்டார். ஒரே ஒரு சத்தை மட்டும் நீக்கிப் பார்த்தமையால், ஒற்றை உணவுச் சோதனைகள் பலவற்றைவிட இது தெளிவான விடை தந்தது. 41 நாட்களில் அவரது இரத்த நீர்மத்தில் அச்சத்து இல்லாமற் போயிற்று. ஆயினும் நோய்க்குறி எதுவும் தோன்றவில்லை. மூன்று மாதம் கழிந்தபின் அவரது முதுகில் வெட்டிய காயம் இயல்பாக ஆறியது. நான்கு மாதங்களுக்குப் பிறகே தோலில் சொரசொரப்பும், ஐந்து மாதங்களுக்குப் பிறகு காலில் இரத்தப் புள்ளிகளும் தோன்றின. ஆறு மாத முடிவில் வெட்டிய காயம் ஆறவில்லை. உயிர்ச்சத்து சி ஊசிவழி செலுத்தப்பட்ட பின்னர் அதுவும் ஆறியது.

நம்மிடையே மருந்துக்கும் நோன்புக்கும் வழங்கும் ஒரு மண்டலம் 48 நாட்கள். கிராண்டனின் இரத்தத்தில் அச்சத்து தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்த நாள் அது. அவரோ நலமாகவே உணர்ந்தார்.

தம்மீதே சோதித்தவர்கள்

இத்துறையின் முதல் பலியாகக் குறிப்பிடப்படுபவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் ஸ்டார்க். ரொட்டியும் தண்ணீரும் மட்டும் உண்டு இரு வாரங்கள் நலமாக இருந்ததாகப் பெஞ்சமின் பிராங்கிளின் கூறியது அவரது ஆர்வத்தைத் தூண்டியது. 1769 சூன் மாதத்தில் ரொட்டியும் தண்ணீருமாகத் தொடங்கி, பின்னர் சர்க்கரை, எண்ணெய், இறைச்சி, தேன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்த்தார். தம் எடை, உணவின் எடை, கழிவின் எடை, அன்றைய வானிலை என யாவற்றையும் நாள்தோறும் எழுதிவைத்தார். ஈறு வீங்கியதையும் அவரே குறித்துள்ளார். பழங்களையும் காய்கறிகளையும் சோதிக்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது. அவற்றை முன்னதாகத் தொடங்கியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும். 1770 பெப்ரவரி 23 அன்று, 30 வயது நிறைவதற்கு முன்பே அவர் இறந்தார். எலுமிச்சையும் தோடம்பழமும் ஸ்கர்வி நோயைக் குணப்படுத்துவதை ஜேம்ஸ் லிண்ட் 1753 இலேயே நூலாக வெளியிட்டிருந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

செருமானியரான ஆகஸ்ட் எங்கல்ஹார்ட் (1875–1919) தேங்காயே மனிதனுக்குரிய முழு உணவு என்று நம்பினார். 1902 இல் அன்றைய செருமன் நியூ கினியை அடைந்து, கபகோன் என்னும் சிறு தீவைத் தென்னந்தோப்புடன் வாங்கி அங்கு வாழ்ந்தார். அவரைப் பின்பற்றி வந்தவர்களுள் சிலர் அங்கேயே மாண்டனர். அவரும் எலும்பும் தோலுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட நேர்ந்தது. தென்னை அடர்ந்த நாடுகளில் எவரும் தேங்காயை மட்டும் தின்று வாழவில்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை போலும்.

இறைச்சியை மட்டும் உண்ட சோதனையின் முடிவு வேறுவிதமானது. ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்களுடன் வாழ்ந்த வில்ஹால்மூர் ஸ்டெபான்சன், தம் நண்பர் கார்ஸ்டன் ஆண்டர்சனுடன் 1928 இல் நியூயார்க்கில் மருத்துவர்களின் மேற்பார்வையில் தொடங்கி, ஓராண்டு இறைச்சி மட்டும் உண்டார். கொழுப்பற்ற இறைச்சி மட்டும் கொடுக்கப்பட்ட தொடக்க நாட்களில் ஸ்டெபான்சன் வயிற்றுப்போக்கால் துன்புற்றார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். ஆண்டு முடிவில் இருவரிடமும் குறைநோய் எதுவும் காணப்படவில்லை. ஆனால் அவர்கள் உண்டது தசைப்பகுதி மட்டும் அன்று. ஈரல், சிறுநீரகம், மூளை, எலும்பு மச்சை ஆகியவையும் அதில் அடங்கும். இறைச்சி என்ற ஒரே பெயருக்குள் பல உணவுகள் இருந்தன.

உருளைக்கிழங்கு பற்றிய கவனமான ஆய்வு போலந்தில் நடந்தது. கோன், கிளைன் என்னும் ஆய்வாளர்கள் 1928 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் 167 நாட்கள் தமக்கு வேண்டிய புரதத்தை ஏறக்குறைய முழுவதும் கிழங்கிலிருந்தே பெற்றனர். உடன் கொழுப்பும் சிறிது பழமும் உண்டனர். இருவரும் நலமாக இருந்தனர். 2010 இல் வாஷிங்டன் மாநில உருளைக்கிழங்கு ஆணையத்தின் தலைமை அலுவலரான கிறிஸ் வாய்ட் நாளொன்றுக்கு 20 கிழங்கு வீதம் 60 நாட்கள் உண்டார். தம் தொழிற்பொருளின் நற்பெயரைக் காப்பதே அவரது நோக்கம். இதை அவர் மறைக்கவும் இல்லை. ஆத்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டெய்லர் 2016 ஆம் ஆண்டு முழுவதும் கிழங்கு உண்டு, 50 கிலோவுக்கு மேல் எடை குறைந்தார். அவரது உணவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், சோயாப்பாலும், பி12 மாத்திரையும் இருந்தன.

காந்தியின் சோதனைகள்

இந்தியாவில் உணவைத் தம்மீது சோதித்தவர்களுள் பரவலாக அறியப்பட்டவர் மோகன்தாசு கரம்சந்த் காந்தி. இலண்டனில் மாணவராக இருந்தபோது ரொட்டியும் பழமும் மட்டும், மற்றொரு முறை பாலாடைக்கட்டியும் பாலும் முட்டையும் மட்டும் என்று உண்டு பார்த்ததைச் சத்திய சோதனை நூலில் குறிப்பிட்டுள்ளார். இவற்றில் பிந்தியது இரண்டு வாரங்கூட நீடிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் தமிழர் பலரும் குடும்பத்துடன் தங்கியிருந்த தால்சுதாய் பண்ணையில், 1912 இல் அவரும் எர்மான் காலன்பாக்கும் பாலைக் கைவிட்டனர். பின்னர் வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் ஆகியவையே அவரது உணவாயின.

1918 இல் கடும் சீதபேதியால் படுத்த படுக்கையானபோது, பால் அருந்தினாலன்றி உடல் தேறாது என்று மருத்துவர் வற்புறுத்தினார். பால் அருந்துவதில்லை என்ற நோன்பை மேற்கொண்டபோது தாம் நினைத்தது பசுவையும் எருமையையும் மட்டுமே என்ற விளக்கத்துடன் ஆட்டுப்பாலுக்கு அவர் இசைந்தார். சொல்லைக் காத்து உட்பொருளை விட்டுவிட்டதாக அவர் பின்னர் வருந்தினார். 1929 இல் சமைக்காத உணவை மட்டும் உண்ணும் மற்றொரு சோதனையைத் தொடங்கி, உடல் தளர்ந்ததால் சில மாதங்களில் அதனையும் நிறுத்தினார். தம் தோல்விகளையும் வெற்றிகளைப் போலவே அச்சிட்டு வெளியிட்டது அவரது தனித்தன்மை. இத்தகைய சோதனையாளர்களிடம் இது அரிது.

குன்னூர் ஆய்வுகூடம்

தமிழ்நாட்டில் உணவுக்குறை பற்றிய முறையான ஆய்வு நீலகிரியில் தொடங்கியது. 1918 இல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். இதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுகூடமாகி, 1958 இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகிறது. பெரிபெரி என்பது தயமின் குறைவால் நரம்புகளும் இதயமும் பாதிக்கப்படும் நோய். தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்கு இத்தகைய நோய் வருவதை சாவகத்தில் கிறிஸ்டியான் எய்க்மான் 1890களில் கண்டறிந்திருந்தார். இதற்காக அவருக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி மிகுந்திருந்தது, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில். புழுங்கல் அரிசியை உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவுவதால், தீட்டிய பின்னும் அதன் ஒரு பகுதி எஞ்சுகிறது. அரிசியையே பெரிதும் நம்பியிருந்த மக்களை அவர்கள் அறியாமலே நெல் அவிக்கும் வழக்கம் காத்தது எனலாம்.

மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் வழக்கமான உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடத்திலும், தீட்டிய அரிசியே பெரும்பங்கான சென்னை உணவை உண்டவை கடைசி இடத்திலும் வந்தன. இதைக் கோதுமையின் வெற்றியாகச் சிலர் எடுத்துக்கொண்டனர். தட்டில் தானியத்துடன் எத்தனை பொருட்கள் சேர்ந்திருந்தன என்பதே பெரிய வேறுபாடு.

வறுமையால் வரும் ஒற்றை உணவு

தன் விருப்பப்படி சோதிப்பவர் நினைத்த நாளில் நிறுத்திவிடலாம். உலகில் ஒற்றை உணவால் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. அயர்லாந்தின் ஏழை உழவர்கள் கிழங்கையும் மோரையும் உண்டு உரமாகவே இருந்தனர். 1845 முதல் கிழங்குப் பயிரை அழித்த கருகல் நோயால் ஏற்பட்ட பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். உணவில் சத்து குறைந்ததால் அன்று, அந்த ஒரே உணவு இல்லாமற் போனதால் நேர்ந்த அழிவு அது. கீழ்ப்பழனி மலையிலும் முடிக்கொத்து நோய் மலைவாழைத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்ததுண்டு. ஆனால் அங்கு வாழை விற்பனைப் பயிர், அழிந்தது வருமானமே.

மத்திய இந்தியாவில் வறட்சிக் காலங்களில் கேசரிப் பருப்பையே பல வாரங்கள் முதன்மை உணவாகக் கொண்டவர்களுக்குக் கால்கள் நிலையாக முடங்கின. அப்பருப்பிலுள்ள நரம்பு நச்சு இதற்குக் காரணம். கலவையான உணவில் சிறிதளவு சேர்வதால் இவ்வாறு நேர்வதில்லை. ஆப்பிரிக்காவில் சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே நம்பிய பகுதிகளில் கோன்சோ என்னும் முடக்கநோய் காணப்படுகிறது. மக்காச்சோளத்தை நம்பியோர்க்குப் பெல்லாக்ரா என்னும் தோல் நோய் வந்தது. அதே நோய் தக்காணத்தில் சோளம் உண்போரிடமும் காணப்படுவதை, சேலத்தில் பிறந்த சி. கோபாலன் தம் உடனாய்வாளர் ஸ்ரீகாந்தியாவுடன் 1960 இல் வெளிப்படுத்தினார்.

எடை குறைவது ஏன்

ஒற்றை உணவால் எடை குறைவது உண்மையே. அவ்வுணவின் தனிப்பண்பு இதற்குத் தேவையில்லை. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது வயிறு நிறையும் முன்பே அச்சுவையில் நாட்டம் குறைகிறது. வேறு சுவை வந்தால் நாட்டம் திரும்புகிறது. விருந்தில் வயிறு நிறைந்த பின்னும் பாயசத்துக்கு இடம் இருப்பது இதனாலேயே. இனிப்பு, பொரியல், நொறுக்குத்தீனி ஆகியவை தாமாகவே நீங்கிவிடுவதும் ஒரு காரணம். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 1995 இல் 38 உணவுகளின் நிறைவுத்தன்மையை அளந்தபோது, வெள்ளை ரொட்டியை 100 எனக் கொண்டால் அவித்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடத்தில் நின்றது. முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீரே. புரதம் போதாத உணவு எனில் கொழுப்புடன் தசையும் கரையும். எடை பார்க்கும் கருவி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

மருத்துவப் பயன்பாடு

மருந்துகள் குறைவாக இருந்த காலத்தில் இத்தகைய உணவுமுறை உயிர்களைக் காத்ததும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் 1939 முதல் கடும் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு அரிசி, பழம், சர்க்கரை மட்டும் கொண்ட உணவை அளித்தார். அதில் உப்பு மிகமிகக் குறைவு. பலருக்கு அழுத்தம் தணிந்தது. நோயாளிகளுக்கு உயிர்ச்சத்துகள் தனியே கொடுக்கப்பட்டன. இரத்தமும் சிறுநீரும் அடிக்கடி சோதிக்கப்பட்டன.

மேற்பார்வையின்றி வீட்டில் செய்யும்போது சிலருக்குத் தீங்கு விரைவாக வரக்கூடும். மேலே கூறிய அளவில் வாழைப்பழமோ உருளைக்கிழங்கோ உண்பவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் அல்லது அதற்கு மேல் பொட்டாசியம் சேரும். நலமான சிறுநீரகம் இதை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகம் வெளியேற்றாது, அப்போது இதயத்துடிப்பு பாதிக்கப்படும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை எதிர்பாராத அளவில் ஏறி இறங்கும். குழந்தைகள், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோரின் தேவை மிகுதி, கையிருப்பு குறைவு. மரக்கறி உணவினரிடம் தொடக்கத்திலேயே பி12 குறைந்திருப்பது இந்தியாவில் பரவலாக உள்ளது என்பதால், ஆண்டுக்கணக்கில் வரும் என்று மேலே கூறிய கையிருப்பு அவர்களுக்குப் பொருந்தாது.